ஸ்டென்ட் பொருத்திய கணவர், கப்பல் பயணம், காப்புறுதிப் படிவம்: எதை எழுத வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 71, கணவருக்கு 76. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். மரினா பேயிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் உல்லாசக் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். “ஸ்டென்ட் பழைய கதை, படிவத்தில் எழுத வேண்டாம்” என்கிறார் காப்புறுதி முகவர். கடன் அட்டையிலேயே காப்புறுதி இருக்கிறது என்கிறான் மகன். யார் சொல்வது சரி? — ஈசூன் வாசகி

பதில்: அம்மா, இருவர் சொல்வதையும் நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்.

காப்புறுதி ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கியத் தகவல்களை, அது கேட்காவிட்டாலும், வாங்குபவரே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது பிரிட்டனின் 1906ஆம் ஆண்டின் கடல்சார் காப்புறுதிச் சட்டத்தில் உள்ள விதி. 1993ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுச் சட்டத்தின் வழியே அது இன்றும் சிங்கப்பூரில் செல்லுபடியாகிறது. அதன் கோட்பாடு மற்றக் காப்புறுதிகளுக்கும் பொருந்தும். பிரிட்டன் 2012இல் தன் நாட்டுப் பயனீட்டாளர்களுக்காக இந்த விதியைத் தளர்த்தி, நிறுவனம் கேட்ட கேள்விக்குக் கவனத்தோடு பதில் சொன்னால் போதும் என்றாக்கியது. நாம் அதைப் பின்பற்றவில்லை. ஆகவே பிரிட்டிஷ் இணையத்தளங்களில் படிக்கும் ஆறுதலான ஆலோசனைகள் இங்கே உதவா. நியாயமற்ற நிபந்தனை என்று பின்னர் வாதிடலாமே என்றால், 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் தரும் முக்கியப் பாதுகாப்புகள் காப்புறுதி ஒப்பந்தங்களுக்குக் கிடையாது.

உங்கள் விஷயத்தில் மறைப்பதால் ஆதாயமும் இல்லை. இங்கு விற்கப்படும் சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல உடல்நலக் கேள்விகளே கேட்பதில்லை. “முன்பே இருந்த நோய்” என்று வரையறுத்து, அது தொடர்பான செலவு எதையும் ஏற்பதில்லை என்று ஒதுக்கிவிடுகின்றன. அந்த வரையறையை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் நோய் கண்டறியப்பட்டிருந்தாலோ, சிகிச்சையோ மருந்தோ பெற்றிருந்தாலோ, அறிகுறி இருந்தாலோ அது முன்பே இருந்த நோய் என்பதுதான் வழக்கமான வாசகம். ஸ்டென்ட் வைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் உங்கள் கணவர் இன்று காலையும் மாத்திரை போட்டிருப்பார். முகவரின் “பழைய கதை” அந்த மாத்திரையிலேயே அடிபட்டுப்போகிறது.

எனவே நீங்கள் தேட வேண்டியது, முன்பே இருந்த நோய்களையும் ஏற்கும் திட்டம். அத்தகைய திட்டங்களைச் சில நிறுவனங்கள் இங்கு விற்கின்றன. சந்தா கூடுதல்தான், கொடுக்கலாம். விளம்பரத் தாளின் பெரிய எழுத்துத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாமல், பயன் அட்டவணையில் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கான வரியைப் பாருங்கள். மருத்துவச் செலவின் உச்சவரம்பு பெரும்பாலும் அங்கே வெகுவாக இறங்கியிருக்கும். முன்பே இருந்த நோய்க்கென்று தனியே இன்னும் குறைந்த வரம்பு உண்டா, அந்த நோயால் பயணத்தை ரத்துசெய்தால் பணம் கிடைக்குமா என்பதையும் பாருங்கள்.

கப்பலில் மருத்துவம் இலவசமல்ல. கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். ரசீதை வைத்துப் பின்னர் கோர வேண்டும். நம் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் கைகொடுக்காது. நெஞ்சுவலி என்று புக்கெட்டில் இறக்கிவிட்டால், மருத்துவமனைச் செலவு ஒரு பக்கம், மருத்துவ விமானத்தில் ஊர் திரும்பும் செலவு மறுபக்கம். அந்த விமானத்தை நிறுவனத்தின் அவசர உதவிப் பிரிவு முன்கூட்டி ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று ஒப்பந்தங்கள் பொதுவாக நிபந்தனை விதிக்கின்றன. நீங்களாக ஏற்பாடு செய்தால் பணம் வராமல் போகலாம். அந்த 24 மணி நேரத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

துறைமுகம் ஒன்றைக் கப்பல் தவிர்த்துவிட்டால் இழப்பீடு தரும் கூடுதல் பிரிவுகளை முகவர்கள் ஆர்வமாக விற்பார்கள். என் கருத்தில், உங்களுக்கு அது இரண்டாம்பட்சம்.

கடன் அட்டைக் காப்புறுதி பெரும்பாலும் அந்த அட்டையால் கட்டணம் செலுத்திய பயணத்தில் நேரும் விபத்துக்கானது. வயது வரம்பும் இருக்கக்கூடும். வங்கியிடம் முழு ஒப்பந்த வாசகத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள் மகனிடம்.

படிவத்தை முகவரே நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. காப்புறுதிச் சட்டப்படி அந்தப் படிவத்திலேயே, தெரிந்த அனைத்தையும் சொல்லாவிட்டால் எதுவும் கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். ஹெல்த்ஹப் என்ற சுகாதாரப் பதிவுச் செயலியிலுள்ள மருந்துப் பட்டியலையும் ஸ்டென்ட் வைத்த ஆண்டையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

பின்னாளில் கோரிக்கை மறுக்கப்பட்டால், நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதங்களுக்குள், ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்தை அணுகலாம். 2024 ஜூலை முதல் அது 150,000 வெள்ளி வரை தீர்ப்பளிக்கலாம். நீங்கள் ஏற்றுக்கொண்டால் அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அங்கேயும் முதலில் மேசைக்கு வருவது நீங்கள் அனுப்பிய அந்த மின்னஞ்சலாகத்தான் இருக்கும்.

முன்பணம் கட்டிவிட்டதால், கப்பல் புறப்படும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ரத்துக்கான பாதுகாப்பு, காப்புறுதி வாங்கிய பிறகே தொடங்கும்.