சோறா, சப்பாத்தியா, கருப்பட்டியா: ரத்தத்தில் போய்ச் சேர்வது எது?

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. சில வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரைதான், ஊசி இல்லை. இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி கொடுக்கச் சொல்கிறார் நாத்தனார். காபிக்குக் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கிக் கொடுத்தால் நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோ, “அரிசியே சர்க்கரைதாம்மா, எங்க புத்தகத்துல இருக்கு” என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. அது ஏன் சரி என்று பிடிபட்டுவிட்டால், மற்ற மூவருக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது குளுக்கோஸ். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு. அப்படியே ரத்தத்துக்குள் போகக்கூடியது. இதோடு ஃப்ரக்டோஸ் என்ற இன்னொரு ஒற்றைச் சர்க்கரை கைகோத்தால் அது சுக்ரோஸ், அதாவது நாம் காபியில் போடும் வெள்ளைச் சர்க்கரை. குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தால் பாலில் இருக்கும் லாக்டோஸ். குளுக்கோஸ் மட்டுமே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மணிமாலை போலக் கோத்துக்கொண்டால் அதுதான் அரிசியிலும் கோதுமையிலும் மரவள்ளியிலும் இருக்கும் மாவுச்சத்து. நாக்குக்கு இனிக்காததால் அதைச் சர்க்கரை என்று நாம் எண்ணுவதில்லை. குடலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. எச்சிலிலும் கணைய நீரிலும் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாலையைத் துண்டு துண்டாக நறுக்கும். சிறுகுடல் சுவரில் உள்ள வேறு நொதிகள் கடைசி முடிச்சை அவிழ்க்கும். பிறகு எல்லாம் குளுக்கோஸ்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், மகளைச் செய்யச் சொல்லுங்கள். வடித்த கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளட்டும். ஒன்றில் மட்டும் எச்சிலைச் சேர்த்துக் கலக்கி இருபது நிமிடம் வைக்க வேண்டும். அதன்பின் இரண்டிலும் ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின். எச்சில் சேராத டம்ளர் மை கொட்டியதுபோல் கருநீலமாகும். மற்றதில் நீலம் வெளுத்திருக்கும், அல்லது அயோடினின் பழுப்பு மட்டுமே தெரியும். நீளமான மாவுச்சத்துச் சுருளுக்குள் அயோடின் புகுந்தால்தான் அந்த நீலம் வரும். எச்சில் அதை வெட்டிப்போட்டுவிட்டது. கஞ்சி சூடாக இருந்தால் நிறம் பிடிக்காது, ஆறியே ஆகவேண்டும். முடிந்ததும் கொட்டிவிடுங்கள், யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது.

இனி அளவுக்கு வருவோம். உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிக்கு 90 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால், மொத்த ரத்தத்திலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் நாலரை கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. 200 கிராம் சோற்றில் 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான குளுக்கோஸ் ஒரே வேளையில் உள்ளே வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்பவருக்கு அது உடனுக்குடன் தசைக்கும் ஈரலுக்கும் போய்விடும். உங்கள் மாமனாருக்கு அந்த வேலை தாமதமாக நடக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு வேளையில் மொத்தம் எவ்வளவு போகிறது, அது எவ்வளவு வேகமாக அவிழ்கிறது. அரிசியா கோதுமையா என்பது அதற்குப் பிறகு வருவது.

நாத்தனார் சொல்லும் சப்பாத்தியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்தி ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. மூன்று சாப்பிட்டால் 60. அந்த 200 கிராம் சோற்றுக்கு இது குறைந்ததல்ல. சப்பாத்தி உதவுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. எண்ணிச் சாப்பிட முடிகிறது. சோறு அப்படியில்லை, குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று கரண்டி தட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். முழுக் கோதுமை மாவில் புரதமும் நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல். ஆனால் மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிட்டால் அந்த லாபத்தில் பாதி போய்விடும். மாமனார் சோறு இல்லாமல் தூங்க முடியாதவர் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு கப் என்று அளந்து வையுங்கள், போதும். கேழ்வரகுக்கும் இதே நியாயம்தான். கால்சியத்துக்கு அருமையான தானியம், ஆனால் மாவாக்கி நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி விறுவிறுவென்று குளுக்கோஸாகும். களியோ அடையோ தேவலை.

கருப்பட்டி விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. பதநீரைக் காய்ச்சி இறக்குவதுதான் கருப்பட்டி. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே மூலக்கூறு. தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, மணமும் ருசியும் தனிதான். நோய் இல்லாதவர்கள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் அதைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பே இல்லை. “ஏறாது” என்று நம்பி, சர்க்கரை நோய் உள்ளவருக்குத் தினம் இரண்டு வேளை காபியில் கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாம் இதில் அடக்கம். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

ஃப்ரிட்ஜ் சோறு பற்றிய வீடியோவில் உண்மை இருக்கிறது. மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் நீண்ட நேர்ச்சங்கிலி. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிவது. கொதிக்கும் நீரில் அரிசியின் மாவுமணிகள் நீரை உறிஞ்சி ஊதி, சங்கிலிகள் தளர்கின்றன. அதனால்தான் வெந்த சோறு எளிதில் செரிக்கிறது. ஆறி, குளிர்ந்தபின் சில சங்கிலிகள், முக்கியமாக அமைலோஸ், மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகிக்கொள்ளும். முதல்நாள் சோறு விறைத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுவே காரணம். இறுகிய பகுதிக்குள் அமிலேஸ் சுலபமாக நுழைய முடியாது. சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்துபோலப் பெருங்குடல் வரை போகும். சூடாக்கினாலும் அதில் ஓரளவு அப்படியே நிற்கும்.

ஆனால் எவ்வளவு? 100 கிராம் சோற்றில் உள்ள 28 கிராம் மாவுச்சத்தில் இப்படி இறுகுவது ஒன்றிரண்டு கிராம் அளவே. ஃப்ரிட்ஜில் வைத்ததால் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கிடைத்த நன்மை கரைந்துவிடும். செய்வதானால், சோற்றை வெளியில் மணிக்கணக்கில் கிடக்கவிடாதீர்கள். கொதியில் சாகாத பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி வாங்குங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெல்லாக இருக்கும்போதே அவித்து ஆறியதால் அதில் இந்த இறுக்கம் கொஞ்சம் முன்கூட்டியே நடந்திருக்கிறது. தவிட்டோடு இருக்கும் பி1 வைட்டமினும் அவிக்கும்போது அரிசிக்குள் ஊறிவிடுகிறது.

நார்ச்சத்து என்றேன். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும்: காய்கறியிலும் கீரையிலும் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் மாலைதான். பருத்திப் பஞ்சும் ஏறக்குறைய முழுக்க அதுவே. மணிகளை இணைக்கும் பிணைப்பு மட்டும் வேறு திசையில் அமைந்திருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் நம்முடைய எந்த நொதியாலும் அதை வெட்ட முடியாது. மாட்டுக்கும் அந்த நொதி கிடையாது, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான் வைக்கோலைப் பிரித்துக் கொடுக்கின்றன. நமக்குச் செரிக்காத அந்த நார் குடலில் மற்ற மாவுச்சத்து அவிழும் வேகத்தைத் தடுக்கிறது. புரதமும் கொழுப்பும்கூட இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆகவே தட்டில் முதலில் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை அல்லது மீன், பிறகு சோறு. அதே உணவு, வரிசை மட்டும் மாறுகிறது, ஏற்றம் தணிகிறது. செலவில்லாத வழி என்பதால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எண்ணெயை மட்டும் இதற்காகக் கூட்டிவிடாதீர்கள். கிராமுக்கு மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி, கொழுப்பு 9.

எது அவருக்கு ஒத்துப்போகிறது என்பதை வீட்டு குளுக்கோமீட்டர் சொல்லும். முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சோறு ஒருநாள், சப்பாத்தி ஒருநாள் என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாவுச்சத்தைச் சட்டென்று பெரிய அளவில் குறைப்பதாக இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

அந்த மாத்திரை அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் தனியாகவோ மற்ற மருந்துடன் சேர்ந்தோ இருக்கிறதா? மேலே சொன்ன குடல்சுவர் நொதிகளைக் கட்டிப்போடும் மருந்துகள் இவை. மாவுச்சத்தும் சுக்ரோஸும் அவிழ்வது மெதுவாகும். அது நல்லதுதான். ஆனால் என்றாவது அவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், வழக்கமாகக் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீரோ மிட்டாயோ சீக்கிரம் வேலை செய்யாது. சுக்ரோஸை வெட்டும் நொதியைத்தான் மாத்திரை தடுத்துவைத்திருக்கிறதே. வெட்டவே தேவையில்லாத குளுக்கோஸைக் கொடுக்க வேண்டும்: 15 கிராம், மூன்று டீஸ்பூன் அளவு, தண்ணீரில் கலந்து. பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். மருந்துக் கடையில் வாசனை சேர்க்காத சாதா குளுக்கோஸ் பொடியைக் கேட்டு வாங்கி, ஒரு பாக்கெட்டை அவர் படுக்கை அருகிலும் இன்னொன்றை அவர் வெளியே எடுத்துப்போகும் பையிலும் வைத்துவிடுங்கள்.