உப்புத் தண்ணீருக்கு எந்தக் கத்தி?

கேள்வி: தெலுக் பாஹாங்கில் சின்னப் படகு வைத்திருக்கிறேன், ஐயா. ‘துருவே பிடிக்காது’ என்று சொல்லி விற்ற 440சி கத்தி, சில மாதங்களிலேயே புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. கயிறு அறுக்க, மீன் ஆய எதை வாங்கலாம்? (பினாங்கு வாசகர்)

பதில்: தம்பி, 440சி நல்ல எஃகுதான், கடலுக்கு ஏற்றதல்ல. அதில் குரோமியம் 17 சதவீதம் அளவுக்கு இருந்தாலும் கார்பனும் ஏறக்குறைய 1 சதவீதம். அந்தக் கார்பன், குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பைடு என்ற கடினத் துகள்களாக முடக்கிவிடும். மிச்சக் குரோமியம்தான் துருவைத் தடுக்கும் மெல்லிய படலத்துக்கு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலம் பலவீனமான இடத்தில் துளைத்து இறங்கும். நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான்.

எல்சி200என் வாங்குங்கள். கார்பனை 0.3 சதவீதத்துக்குக் குறைத்து, நைட்ரஜன் சேர்த்த எஃகு. உப்பைத் தாங்கும், கூரும் நிற்கும், முரட்டு வேலையில் சட்டென்று ஒடியாது. விலை கூடத்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஹெச்1 எஃகும் உப்புக்கு அசையாது. கூர் சீக்கிரம் மழுங்குவதால் பல்வைத்த அலகாகப் பாருங்கள், கயிற்றுக்கு அருமை. டைட்டானியம் வேண்டாம், கூர் நிற்காது.

அப்புறம், மடக்குக் கத்தி என்றால் திருகாணியும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காதவையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அலகு பளபளவென்று இருக்கும், திருகாணி துருவேறி இறுகிக் கிடக்கும். தோல் உறையும் வேண்டாம். உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையே போதும்.