தேங்காய் சிக்கன் டெண்டர்ஸ்: கடையில் என்ன கேட்டு வாங்குவது?

கேள்வி: ஹோட்டலில் சாப்பிட்ட தேங்காய் சிக்கன் டெண்டர்ஸ் (தேங்காய்த் துருவல் ஒட்டிப் பொரித்த நீளமான கோழித் துண்டுகள்) பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் தேங்காய் துருவி, முட்டையில் முக்கிய கறி மேல் ஒட்டிப் பொரித்தேன். மேலே கருகிவிட்டது, உள்ளே சரியாக வேகவில்லை, மொறுமொறுப்பே இல்லை. பாக்கெட்டில் வரும் தேங்காய்த் தூள் வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, தேங்காய்தான் மாற வேண்டும். பச்சைத் தேங்காயின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அந்த ஈரம் முழுக்க ஆவியாகிப் போனால்தான் துருவல் மொறுமொறுப்பாகும். அதற்குள் மெல்லிய நுனிகள் கருகிவிடும். இந்தப் பலகாரத்துக்கு உலர்த்திய துருவல்தான் வேண்டும். அதில் ஈரம் மிகமிகக் குறைவு.

கடையில் ‘டெசிகேட்டட் கோகனட்’ என்றே கேளுங்கள். ‘தேங்காய்த் தூள்’ என்றால் பல இடங்களில் தேங்காய்ப்பால் பவுடரை எடுத்து நீட்டுவார்கள். அது தண்ணீரில் கரைவதற்காகச் செய்தது, பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் பால் புரதமும் சேர்ந்திருக்கும். குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் தேங்காய் மட்டும் இருந்தால் நல்லது. சர்க்கரை சேர்த்ததை வாங்கவே வேண்டாம், எண்ணெயில் போட்ட நிமிடமே கறுத்துவிடும். ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண்) 220, 223 என்று போட்டிருந்தால் அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அடுத்து, 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 60 கிராமை ஒட்டி இருந்தால் முழுத் தேங்காய். 40 கிராம் அளவில் இருந்தால் பாலை எடுத்துவிட்டு உலர்த்தியது. விலை குறைவாக இருக்கும், வாசமும் குறைவுதான். வெயில் படும்படி கடை வாசலில் தொங்கும் பாக்கெட் வேண்டாம். அதில் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும்.

கறிக்கு வருவோம். உண்மையான டெண்டர் என்பது நெஞ்சுக்கறிக்கு அடியில் ஒட்டியிருக்கும் நீளமான சிறு துண்டு. ஒரு கோழியில் இரண்டுதான் இருக்கும் என்பதால் நம் கறிக்கடைகளில் தனியாகக் கிடைப்பது அரிது. எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோ வாங்கி விரல் கனத்துக்கு நீளவாக்கில் வெட்டிக்கொண்டால் போதும். கழுவுவதற்கு முன்பே, உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டும் கறியை நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

உப்பு, மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிசறி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்து ஈரத்தை ஒற்றிவிட்டு மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, கடைசியாகத் தேங்காயில் அழுத்துங்கள். தேங்காய் மட்டும் வேண்டாம்; ஒரு கப்புக்கு ஒரு கப் பிரெட் தூள் கலந்துகொண்டால் கறி வேகும் வரை மேல்பூச்சு கருகாமல் தாங்கும். ஒட்டியபின் கால் மணி நேரம் மறுபடி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், அப்போதுதான் எண்ணெயில் உதிராது.

எண்ணெய் 170 டிகிரி போதும். அதிகம் காய்ந்ததுதான் உங்களுக்கு மேலே கருகி உள்ளே வேகாமல் போனதற்கு இன்னொரு காரணமாக இருக்கும். ரீஃபைண்டு கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ சரி. செக்குத் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ இந்தச் சூட்டிலேயே புகையத் தொடங்கும், வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். தடிமனான துண்டை வெட்டிப் பாருங்கள்: உள்ளே ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். பொரித்ததைக் காகிதத்தில் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். குவித்தால் ஆவியில் அடித்துண்டுகள் நமத்துவிடும்.

கேள்வி: ஏர் ஃபிரையரில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஒட்டாத துருவலை உதறிவிடுங்கள், இல்லையென்றால் காற்றில் பறந்து மேலே உள்ள சூடாகும் கம்பியில் பட்டுக் கருகும். துண்டுகள் மேல் எண்ணெய் தெளித்து, பாதியில் திருப்பிப் போடுங்கள். எண்ணெயில் பொரித்த அளவு மொறுமொறுப்பு வராது.

கேள்வி: உறைய வைத்த ரெடிமேட் டெண்டர்ஸ் வாங்கினால் மிச்சமா?

பதில்: நேரம் மிச்சம், பணம் பெரும்பாலும் இல்லை. சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சிக்கன் சதவீதத்தைப் பாருங்கள். மீதி மாவும் தண்ணீரும் எண்ணெயும். பாக்கெட்டில் உள்ள ‘ஒரு கிராம் விலை’யை அந்தச் சதவீதத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் கறிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியும். துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டி, உள்ளே பனித்துகள் நிறைந்திருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்தது, எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தபின் கெட்டிருப்பது தெரிந்தால் பாக்கெட்டையும் பில்லையும் படம் எடுத்துவைத்து, அன்றே கடையில் கேளுங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.