வெள்ளம் வடிந்த பிறகுதான் கரை விழும்

கேள்வி: ஐயா, வணக்கம். மியான்மரில் மடாக் பக்கம் சிட்டாங் ஆற்று வளைவில் எங்களுக்கு ஆறு ஏக்கர். ஆவணி வெள்ளத்தில் நெல் போய்விட்டது. ஆற்றை ஒட்டிய மூன்று ஏக்கரில் நாலு விரல் முதல் ஒரு சாண் வரை மணல் கிடக்கிறது. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து, வெயில் அடிக்கிற நேரத்தில், நாற்பது அடி நீளத்துக்குக் கரை சரிந்துவிட்டது. அந்த மண்ணெல்லாம் எதிர்க்கரைக்காரருக்குத் திட்டாகச் சேர்கிறது. மண்ணுக்கு உயிர் வர பாட்டில் மருந்து ஊற்றவும், கரைக்கு சிமெண்ட் மூட்டை அடுக்கவும் கடைக்காரர் சொல்கிறார். கார்த்திகையில் உளுந்து விதைக்கலாமா?

பதில்: தம்பி, விதைக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் வேண்டாம். மணல் நாலு விரல் கனம் உள்ள இடத்தில் அதற்கு இரண்டு பங்கு ஆழத்துக்கு உழுது, அடி மண்ணையும் மேல் மணலையும் கலந்துவிட்டு உளுந்து போடுங்கள். ஒரு சாண் உள்ள இடத்தில் நிலக்கடலை போடுங்கள். இல்லையென்றால் பழைய மண் தட்டும் வரை குழி எடுத்து, தொழு உரம் போட்டு, தர்பூசணி வையுங்கள்.

பாட்டில் வேண்டவே வேண்டாம். புது மணலில் உயிர் குறைவு என்பது உண்மைதான். உளுந்துக்கு வேண்டிய உயிர் ரைசோபியம், வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர். 200 கிராம் பாக்கெட் ஒன்றை ஆறிய கஞ்சியில் குழைத்து, ஏக்கருக்கான எட்டு கிலோ விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும். வெள்ளத்தில் அடிபட்டவனிடம் போய் பெயர் தெரியாத திரவத்தை விற்பவரை நான் வியாபாரி என்று சொல்ல மாட்டேன்.

ஆற்றுக்குத் தள்ளி இருக்கும் மற்ற மூன்று ஏக்கரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? கரையைத் தாண்டி வரும் தண்ணீர் வேகம் குறைந்ததும் முதலில் கனமான மணலை இறக்கிவிடும். மெல்லிய வண்டலை உள்ளே கொண்டுபோய்ப் பரப்பும். ஒரு கண்ணாடி ஜாடியில் அந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். களி மறுநாள் காலையிலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். உங்கள் உள் நிலத்தில் அப்படிக் கலங்கினால், அங்கே உளுந்துக்கு இந்த வருஷம் உரச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது கரைக்கு வருகிறேன். நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

டீக்கடையில் இலை அடியில் கிடக்கிற வெறும் தேநீரைக் கரண்டியால் சுழற்றிப் பாருங்கள். ஓரத்துக்குப் போகும் என்று நினைக்கிற இலையெல்லாம் அடியில் நடுவே வந்து குவியும். ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறு வளைவதை விளக்க இதைத்தான் எடுத்துக் காட்டினார். வளைவில் மேல் தண்ணீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்குகிறது. அடித் தண்ணீர் மணலை அள்ளிக்கொண்டு உள்கரைப் பக்கம் போகிறது. அதனால் உங்கள் கரையின் கால், அதாவது அடிப்பக்கம், ஆழமாகிக்கொண்டே போகிறது. ஆனால் எதிர்க்கரைக்காரரிடம் கோபப்படாதீர்கள். 1945-ல் அமெரிக்காவின் விக்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீட்கின் என்பவர் மாதிரி ஆறு ஓடவிட்டுப் பார்த்தார். இடிந்த கரையின் மண் பெரும்பாலும் அதே பக்கத்தில், கீழே அடுத்த திட்டில்தான் போய்ச் சேர்ந்தது. எதிரே வளர்கிற திட்டு, மேலே வேறு யாரோ இழந்த நிலம்.

வெயிலில் ஏன் விழுந்தது? சரிந்த இடத்தில் இறங்கிப் பாருங்கள். மேலே நாலு அடி களி, அதன் கீழே வெளுத்த மணல் பட்டை, அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். விரலை வைத்தால் மணல் தண்ணீரோடு விரலைத் தாண்டி ஓடும். வெள்ளம் நின்றபோது ஆற்றுத் தண்ணீரே கரையைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஆறு சட்டென்று இறங்கியதும், ஊறிக் கனத்த கரைக்குப் பிடிமானம் போயிற்று. மணல் பட்டை கரைந்தது, மேலே இருந்த களி பாளமாக விழுந்தது.

இந்தக் கரையில் சிமெண்ட் மூட்டையை அடுக்கினால், வழவழப்பான சுவரில் தண்ணீர் வேகம் குறையாமல் மோதி அடியைத் தோண்டும். மூன்று மழைக்காலம் தாங்காமல் மூட்டைகள் வரிசையாக ஆற்றில் உட்கார்ந்ததை என் சொந்த மாமா நிலத்திலேயே பார்த்தேன். விற்றவர் அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் வரவில்லை.

நான் இருபது வருஷமாகச் சொல்வது ஒன்றுதான்: கரை ஓரம் முப்பது அடியை உழாதீர்கள். அந்த முப்பது அடியில் ஐந்து கூடை நெல் கிடைக்கும் என்று உழுகிறோம், முப்பது அடியையே கொடுத்துவிடுகிறோம். ஓடும் தண்ணீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை அறுபத்து நாலு மடங்கு ஆகும். வேகம் குறைந்தாலோ சுமந்து வந்ததை இறக்கி வைத்துவிடும். அதனால் தண்ணீரைத் தடுக்க வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். நாணல் அதைத்தான் செய்கிறது. தாள் தாளாகச் சாய்ந்து, தண்ணீரை மெதுவாக்கி, வண்டலைத் தன் காலடியிலேயே வாங்கி வைக்கிறது. அதைக் கொளுத்துகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆறு முழுக்க இறங்கியதும், கரையின் காலில் மூங்கிலை இரண்டு வரிசையாக இடைவெளி விட்டு அடித்து, நடுவே கிளைகளைச் செருகுங்கள். தண்ணீர் உள்ளே புக வேண்டும், வேகமாக வெளியேறக் கூடாது. மேலே நாணல் கிழங்கு நடுங்கள். வைகாசி மழையில் ஒரு சாணுக்குள் இரண்டு தூராக வெட்டிவேர் வையுங்கள். அதன் வேர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கும், உங்கள் மணல் பட்டையையே எட்டிப் பிடிக்கும். சிட்டாங் கடலில் சேரும் மொட்டமா வளைகுடாவில் கடல் ஏறி ஊரையே கரைக்கிற இடங்களில் இந்தப் பேச்சு எடுபடாது. உங்கள் வளைவில் எடுபடும்.

பக்கத்தில் மணல் உறிஞ்சும் படகு நிற்கிறதா? அது தோண்டும் பள்ளத்தை நிரப்ப ஆறு உங்கள் கரையின் காலிலிருந்துதான் எடுக்கும். ஊர்ப் பெரியவர்களோடு போய் இப்போதே பேசுங்கள்.

சரிந்த இடத்துக்குப் பின்னால் தரையில் வில் மாதிரி ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று நாளைக்கே பாருங்கள். ஓடினால் அடுத்த பாளம் அதுதான். அதன் மேல் மாட்டைக் கட்டாதீர்கள், டிராக்டரை ஏற்றாதீர்கள். மழைத் தண்ணீர் இறங்காதபடி களியை மிதித்து அடைத்துவிடுங்கள். கடலை வரிசையை அதிலிருந்து முப்பது அடி தள்ளி ஆரம்பியுங்கள்.