வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை: ஆடுகளும் முற்றிய புல்லும்

கேள்வி: 11 வெள்ளாடுகளும் 7 செம்மறிகளும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சராசரி 25 கிலோ இருக்கும். கொட்டகையிலேயே அடைத்து, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடுகிறேன். மகசூல் கூடட்டும் என்று மூன்று மாதம் வளரவிட்டு, ஆள் உயரம் தாண்டியதும் அறுக்கிறேன். வெள்ளாடு தாளை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்குகிறது. செம்மறி தண்டையும் கொஞ்சம் தின்கிறது. எல்லாவற்றுக்கும் வயிறு பானை மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. போன வாரம் மக்காச்சோளம் அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன்; கழிச்சல் வந்ததுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: வயிறு பானை மாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அதில்தான் இருக்கிறது. உங்கள் ஆடுகள் நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கின்றன.

ஆட்டின் முதல் வயிறு ஓர் ஊறல் தொட்டி. தின்ற புல் அங்கே நுண்ணுயிரிகளால் நொதித்து, அசை போடும்போது அரைபட்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துகளாக ஆன பிறகுதான் அடுத்த வயிற்றுக்கு நகரும். அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இளம் தாள் சீக்கிரம் நொறுங்கிவிடும். முற்றிய தண்டில் லிக்னின் என்ற மரச்சத்து ஏறிக் கட்டை தட்டியிருப்பதால் லேசில் நகராது. தொட்டி காலியானால்தானே அடுத்த வாய் தீனி உள்ளே போகும்?

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 25 கிலோ ஆடு எடை கூடாமல் குறையாமல் இருக்கவே, செரிக்கக்கூடிய உலர்பொருள், அதாவது நீர் நீக்கிய தீவனம், நாளுக்குச் சுமார் 300 கிராம் வேண்டும். இளம்புல் போட்டால் 800 கிராம் உலர்பொருள் வரை தின்னும். அதில் 60 சதவீதம் செரித்தால் 480 கிராம். 180 கிராம் வளர்ச்சிக்கு மிஞ்சுகிறது. முற்றிய புல் என்றால் 550 கிராமோடு வயிறு அடைத்துக்கொள்ளும். அதிலும் பாதிக்குக் குறைவாகத்தான் செரிக்கும். 48 சதவீதம் என்று வைத்தால் 264 கிராம். உடம்பைத் தாங்கவே பற்றாது. செரிமானமும் குறைந்து, தின்னும் அளவும் குறைந்து, இரண்டும் சேர்ந்து அடிக்கிறது.

வெப்பமண்டலப் புல் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வெயிலில் மளமளவென்று வளரும். அதே வேகத்தில் நாரும் ஏறும். குளிர்நாட்டுப் புல்லைவிட இதன் செரிமானம் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைவு. அதனால் அந்த நாட்டு அட்டவணைகளை வைத்து இந்தப் புல்லுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், தண்டை ஒதுக்கும் வெள்ளாட்டைக் குறை சொல்லாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1973-ல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பமண்டலப் புற்களின் இலையையும் தண்டையும் பிரித்துச் செம்மறிகளுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். செரிமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதபோதும், இலையைத் தண்டைவிட 46 சதவீதம் கூடுதலாகத் தின்றன. இலை வயிற்றில் தங்கும் நேரம் குறைவு, அதுதான் காரணம். உங்கள் வெள்ளாட்டுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. அதன் மேலுதடே போதும்.

ஆகவே முதல் வேலை, அறுக்கும் நாளை மாற்றுவது. 40 முதல் 45 நாளில், மூன்று நான்கு அடி உயரத்தில் அறுங்கள். மகசூல் குறையுமே என்று தோன்றும். ஒரு வெட்டின் எடை குறையும்தான். ஆனால் ஆடு ஒதுக்கும் தண்டை மகசூல் என்று எப்படிச் சொல்வது? வயலை ஆறு பாத்தியாகப் பிரித்து வாரம் ஒன்று அறுத்தால், ஆறு வாரத்தில் முதல் பாத்தி மறுபடி தயாராக நிற்கும். இப்போது முற்றி நிற்பதை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டிவிட வேண்டாம். அந்தந்த வாரத்துப் பாத்தியை அடியோடு அறுத்து, தாளை ஆட்டுக்கும் தண்டை எருக்குழிக்கும் அனுப்புங்கள். 30 நாளுக்கு முன்பே அறுப்பதும் சரியில்லை; பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும்.

இளம்புல்லை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால் சேதாரம் குறையும். முற்றிய தண்டை நறுக்கினால் அதன் செரிமானம் கூடிவிடாது. ஆடு பொறுக்கித் தின்ன முடியாமல் போகும், அவ்வளவுதான். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் விழுகிற அளவுக்குப் போடுங்கள். தொட்டி வழித்துத் துடைத்த மாதிரி இருந்தால் பெருமைப்படாதீர்கள். ஆட்டுக்கு இன்னும் பசி இருக்கிறது.

இரண்டாவது, புரதம். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கும் தீனி வேண்டும், அவற்றின் தீனி புரதத்தில் உள்ள நைட்ரஜன். புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை தளர்ந்துவிடும், ஆடு தின்னும் அளவும் சரிந்துவிடும். மூன்று மாத நேப்பியரில் பெரும்பாலும் அந்த நிலைதான். அதனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் போன்ற பயறுவகை இலை இருக்கட்டும். ஆட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. கிளைரிசிடியாவைச் சில மணி நேரம் வாடவிட்டுப் போட்டால் வாடை குறைந்து தின்னும். சூபாபுல்லை மட்டும் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு முடி உதிர வைக்கும். அந்த நச்சை முறிக்கும் ஒரு பாக்டீரியா ஹவாய்த் தீவு ஆடுகளின் வயிற்றில் இருப்பதைக் கண்டுபிடித்து, ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போய் அங்குள்ள மாடுகளுக்குக் கொடுத்துப் பரப்பினார்கள் என்பது தனிக் கதை. உங்கள் ஆட்டிடம் அது இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

மக்காச்சோளத்தை இப்போது நிறுத்திவிடுங்கள். மாவுச்சத்து திடீரென்று கூடினால் வயிற்றில் அமிலம் ஏறும். கார அமில நிலை (pH) 6-க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்யாது. கழிச்சலும் அதனால்தான் வந்திருக்கும். புழுக்கை பழையபடி உருண்டையான பிறகு, பிண்ணாக்கும் தவிடும் கொஞ்சம் சோளமும் கலந்து 50 கிராமில் தொடங்கி, பத்து நாளில் 200 கிராமுக்கு வாருங்கள். காலை பாதி, மாலை பாதி. புல்லையும் இதேபோல் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். தாது உப்புக் கட்டி ஒன்று தொங்கட்டும். நேப்பியரில் சோடியம் குறைவு. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அது குறைந்தால் தீனியும் குறையும்.

நாலு ஆட்டுக்கு அடையாளம் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் தீனிக்கு முன் எடை போடுங்கள். வயிற்றைப் பார்த்து மதிப்பிட்டால் மறுபடி ஏமாறுவீர்கள். இதெல்லாம் செய்து ஒன்றரை மாதம் ஆகியும் எடை நகரவில்லை என்றால், கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பு மங்கி வெளுத்திருந்தால், கொடுத்த குடற்புழு மருந்து வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். புழுக்கையைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு அடுத்த மருந்தை முடிவு செய்யுங்கள்.