சாயப்பட்டறை மண்ணில் அடுக்குமாடி எழுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் நொய்யல் கரையோரம் பூட்டிக் கிடக்கும் சாயப்பட்டறை ஒன்று, ஒன்றரை ஏக்கர், மலிவாக வருகிறது. பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் நாங்கள் சங்கமாகச் சேர்ந்து வாங்கி, சின்னச் சின்ன வீடுகளாக அடுக்குமாடி கட்டலாமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டலாம். ஆனால் பட்டாவைப் பார்க்கும் முன் பட்டறைச் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்திருந்து, நகத்தால் கீறியதும் பூச்சு மாவாகக் கொட்டினால், அது உப்பு. கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறம் ஏற்ற, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலேயே உப்புப் போடுவார்கள். சோற்று உப்பு அல்லது கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனாலும் மண்ணில் இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கிறது.

சோற்று உப்பின் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும். சல்பேட்டோ கான்கிரீட்டையே அரிக்கும். கடைக்காரர் 'சல்பேட் தாங்கும் சிமெண்ட்' என்று நீட்டுவார். சல்பேட் மட்டும் இருந்தால் சரி. குளோரைடும் கூட இருந்தால் அது கம்பியை அவ்வளவாகக் காக்காது. இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்தான் மேல். அஸ்திவாரத்துக்கு எம் 35 என்ற வலுவான கான்கிரீட் கலவை, கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம். அங்கேயே இருக்கிற போர் தண்ணீரில் கான்கிரீட் கலக்க விடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தரும் எல்லை. மேஸ்திரி "நல்ல தண்ணிதானுங்க" என்பார். லேப் ரிப்போர்ட் கேளுங்கள்.

மண் மாதிரியை மேலாக மட்டும் அள்ளாமல், பழைய கழிவுத் தொட்டிக்கு அடியிலும் துளையிட்டு எடுங்கள். குளோரைடு, சல்பேட்டோடு குரோமியம் போன்ற உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியில் காய்ந்து கிடக்கும் ஸ்லட்ஜ், அதாவது கழிவுச் சேறு, அபாயக் கழிவு. லாரிக்காரர் எங்கோ கொட்டிவிட்டு வர முடியாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு, அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவை நில விலையில் கழியுங்கள்.

தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்றும் அனுமதி தனி வேலை, மாதக்கணக்கில் இழுக்கும். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் 'உயர்ந்த கட்டடம்' ஆகிவிடும். தீயணைப்பு, லிஃப்ட் என்று மாதாமாதம் பராமரிப்புக் காசு ஏறும். வாரக்கூலி வாங்குகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மண் ரிப்போர்ட் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், துளை போட விடுவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.