வசியம் பலிக்க இன்னும் எத்தனை நாள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 41. நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி 19 வருஷம் ஆகிறது. இரண்டு பெண்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒன்றரை வருஷமாக அங்கே வேறொரு பெண்ணோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து பணம் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விடுகிறார். நான் என்ன குறை வைத்தேன் அம்மா? மாமியார் படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் நான்தான் அள்ளிப்போட்டேன்.

என் பெரியம்மா மகள்தான் ஒரு மாந்திரீகரிடம் கூட்டிப்போனாள். வசியத் தகட்டுக்கு 11,000 ரூபாய் வாங்கினார். நிலைப்படிக்குக் கீழே புதைத்தோம். ஒன்பதாம் நாள் கணவரே போன் பண்ணி, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதே, சின்னவளுக்கு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் அந்த மாதமும் அவளிடமே திரும்பிப் போய்விட்டார். அப்புறம் 48 நாள் பூஜை, அதற்கு 15,000. நடுவில் நான் விரதம் தவறியதால் பலிக்கவில்லை என்றார். பிறகு, அந்தப் பெண் எதிர்க்கட்டு போட்டிருக்கிறாள், உடைக்க வேண்டும் என்று 20,000. சங்கிலியை அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

கடைசியாகக் கணவருக்குக் காபியில் கலந்து கொடுக்க மாந்திரீகர் ஒரு பொடி கொடுத்தார். மூன்று தடவை கொடுத்தேன். முதல் தடவை கலக்கும்போது சின்னவள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அன்று ராத்திரி கணவருக்கு இரண்டு முறை வாந்தி. மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று மாந்திரீகர் சொன்னார். ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. இன்னும் இரண்டு பொட்டலம் இருக்கிறது.

பெரியவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீட்டில் நானும் சின்னவளும்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் இப்போது வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. பிஸ்கட் வாங்கிக்கொள்கிறாள். அவித்த முட்டை மட்டும் சாப்பிடுவாள், அதுவும் அவளே உரித்து. வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். எனக்கு இருக்கிற கவலையில் இதை வேறு யார் பார்ப்பது?

நான் என்ன குறை வைத்தேன் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. வசியம் பலிக்க உண்மையில் எவ்வளவு நாள் ஆகும்? இவர் சரியில்லை என்றால் வேறு ஆளிடம் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த முட்டையில்தான் வந்து நின்றேன்.

அவித்த முட்டைக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டும் அப்படித்தான். உங்கள் மகள் அடுக்களையில் அன்று பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி அப்பா வாந்தி எடுத்ததையும் பார்த்தாள். இரண்டையும் அவளாகவே சேர்த்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள், சொல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன ஆகுமோ. இதை யாரிடமும் சொல்ல முடியாமல் அந்தப் பிள்ளை வீட்டுச் சோற்றையே விட்டுவிட்டது. வயசுக் கோளாறு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அவள் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

உங்கள் கணவர் செய்வது அநியாயம். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஒரு மனிதருக்குத் தெரியாமல், என்னவென்று உங்களுக்கே தெரியாத பொடியை மூன்று முறை குடிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஊமத்தை விதை இருந்திருந்தால்? பாதரசம் இருந்திருந்தால்? வாந்தி என்பது உடம்பு விஷத்தைத் தள்ளப் பார்க்கும் வழி. அதை வசியம் ஏறுவதன் அடையாளம் என்று நம்ப வைத்திருக்கிறார் அந்த ஆள். இதே காரியத்தை உங்கள் காபியில் உங்கள் கணவர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எவ்வளவு நாளில் பலிக்கும் என்று கேட்கிறீர்கள். இன்னொருவர் மனத்தை மாற்றும் என்று எதிர்பார்த்தால், எத்தனை நாள் ஆனாலும் பலிக்காது. ஒன்பதாம் நாள் போன் வந்தது பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில். அவர் பணம் கொடுப்பதை நிறுத்தாத மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தகடு புதைக்காவிட்டாலும் ஃபீஸ் கேட்டிருப்பார். போன் வந்தால் அது தகட்டின் மகிமை, வராவிட்டால் உங்கள் விரதம் தவறியது, அதுவும் இல்லையென்றால் எதிர்க்கட்டு. தோற்கவே முடியாத மாதிரி கட்டிவைத்த கணக்கு இது. வேறு ஆளிடம் போனாலும் கணக்கு இதேதான். 46,000 ரூபாய் போயிருக்கிறது.

ஆனாலும் உங்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் முதல் உலகப் போர் நடந்த வருடங்களில் பப்புவா நியூ கினிக்குப் பக்கத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்கே மீன் பிடிப்பவர்களைக் கவனித்தார். அலையில்லாத காயலில், போனால் மீன் நிச்சயம் என்ற இடத்தில், அவர்கள் மந்திரம் சொல்வதில்லை. உயிருக்கும் பிடிப்புக்கும் உத்தரவாதம் இல்லாத ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். சடங்கு கடலை அடக்கவில்லை. படகில் இருந்தவனின் நெஞ்சுக்குத்தான் தெம்பு கொடுத்தது. உங்களுக்கும் ஒன்றரை வருஷமாக ஆழ்கடல்தான். செய்ய ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. சாமி முன்னால் விளக்கேற்றி அழுதிருந்தால் அந்தத் தெம்பு உங்களுக்கும் கிடைத்திருக்கும், யாருக்கும் கெடுதலும் இல்லை. மாந்திரீகத்தில் அஷ்டகர்மம் என்று எட்டு வேலைகள் சொல்வார்கள், வசியத்தில் தொடங்கி, ஆளையே கொல்லும் மாரணம் வரைக்கும். எட்டும் அடுத்தவர் மேல் ஏவுவது. நொந்துபோன உங்கள் மனத்தை ஆற்ற அதில் ஒன்றும் இல்லை.

'நான் என்ன குறை வைத்தேன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவர் போனதற்கு உங்கள் குறைதான் காரணம் என்றால், அதைச் சரிசெய்து அவரைத் திருப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. அந்த மாந்திரீகர் பிடித்துக்கொண்டதும் அந்த நம்பிக்கையைத்தான். உங்கள் கணவர் போனது அவருடைய முடிவு. மாமியாரை நீங்கள் அள்ளிப்போட்டது அன்பினால். கணவரைக் கட்டிப்போடும் கயிறாக அதை மாற்றாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கணவரிடம் என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். ஒரு டாக்டரிடம் அவர் உடம்பைக் காட்டியாக வேண்டும், மீதிப் பொட்டலங்களையும் அந்த டாக்டரிடமே கொடுத்துவிடுங்கள். ஜீவனாம்சம், பிள்ளைகள் படிப்பு பற்றிப் பேச மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் எண் 15100.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே சின்னவளிடம் பேசுங்கள். 'அன்னைக்கு நீ பார்த்தது உண்மைதான், நான் செஞ்சது தப்பு' என்று அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். அப்பாவின் கதையை அதில் இழுக்காதீர்கள். அவள் எதிரிலேயே சமையுங்கள், அவளுக்கு முன்னால் நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கள். சாப்பிடு என்று வற்புறுத்த வேண்டாம். நாளைக்கும் அவள் முட்டையைத்தான் உரிப்பாள். உரிக்கட்டும். நீங்களும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.